தாழ்ப்பாள் போடாத பின்கதவு

ஜூன் 4

தம்பிக்கு,

போனில் பேசினால் நீயும் கத்துவாய், நானும் கத்துவேன், கடைசியில் யார் முதலில் வைத்தது என்று அதற்கும் ஒரு சண்டை வரும். அதனால்தான் கடிதம். காகிதத்தில் கத்த முடியாது பார்.

அப்பா போனதற்கு நீ வரவில்லை. தெருமுனை வரை வந்து, கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போனதாகக் கடைக்காரர் சொன்னார். அதைப் பற்றி இந்தக் கடிதத்தில் பேசப்போவதில்லை. விட்டுவிட்டேன் என்று நினைக்காதே, வேறொரு நாளைக்கு வைத்திருக்கிறேன்.

தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு நான் அம்மாவோடு வந்துவிட்டேன். உன் மாமா எங்கள் வீட்டிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் வந்துபோகிறார். அம்மா காலையில் என்னை அடையாளம் கண்டுகொள்கிறாள், மத்தியானம் ஆனால் "நீ யார் வீட்டுப் பொண்ணும்மா, வீட்ல தேட மாட்டாங்களா" என்று கேட்கிறாள். அப்பா செத்துப்போனார் என்று அவளிடம் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்டதுபோல் அழுகிறாள், அதனால் இப்போது சொல்வதை நிறுத்திவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். சமையலறைப் பின்கதவு. அது எப்போதும் கிறீச்சிடும், உனக்குத் தெரியும். இப்போது அது தானாகவே திறந்துகொள்கிறது. சாயங்காலம், சரியாக அப்பா மில்லிலிருந்து வரும் நேரத்துக்கு, யாரோ வெளியிலிருந்து தள்ளுவதுபோல் கிறீச்சென்று நகர்கிறது. அம்மா உடனே எழுந்து, "வந்துட்டார்" என்று இரண்டு தட்டு எடுத்து வைக்கிறாள். எதிர்த்தட்டைப் பார்த்துப் பேசிக்கொண்டே சாப்பிடுகிறாள். நான் சட்டைப் பொத்தான் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டு பக்கத்து அறையில் உட்கார்ந்திருப்பேன், ஊசி கையில் குத்துவதுகூடத் தெரிவதில்லை. பயமாக இருக்கிறது, அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

தாழ்ப்பாள் போடலாம் என்றால் அம்மா விடமாட்டேன் என்கிறாள். "எல்லாரும் வந்தப்புறம்தான் தாழ்ப்பாள்" என்று கையைத் தட்டிவிடுகிறாள். மெஷின் எண்ணெய் விட்டுப் பார்த்தேன், ஒரு வாரம் அடங்கி மறுபடி ஆரம்பித்துவிட்டது. தச்சரைக் கூப்பிட்டால் கதவையே மாற்ற வேண்டும் என்கிறார். நீ ஊர் மெஷின்களை எல்லாம் ரிப்பேர் பார்க்கிறவன். பிறந்த வீட்டுக் கதவுக்கும் ஒரு வழி சொல்.

அக்கா


ஜூன் 12

அக்காவுக்கு,

மெஷின் எண்ணெய் தண்ணீர் மாதிரி. ஓடிப்போய்விடும். சமையல் எண்ணெயை மட்டும் விட்டுவிடாதே, தூசியைப் பிடித்துப் பிசுக்காகி இன்னும் மோசமாகக் கத்தும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். கதவுக்கு அடியில் ஒரு மரத்துண்டை ஆப்பாக வைத்து எடையைத் தாங்கச் செய். (நீ பிறருக்கு ஆப்பு வைப்பதில் கெட்டிக்காரி, இது கைவந்த வேலை.) மேல்கீலை முதலில் பார். கீலின் நடுவே ஒரு கம்பி இருக்கும். அடியிலிருந்து ஓர் ஆணியை வைத்துச் சுத்தியலால் மெல்லத் தட்டினால் மேலே எழும்பும், பிடுங்கிக்கொள். துரு இருந்தால் உப்புத்தாளால் தேய்த்து, துணியால் துடைத்து, கிரீஸ் தடவித் திரும்பப் போடு. பிறகு அடுத்த கீல். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பிடுங்கினால் கதவு உன் தலையில் விழும், மாமா என்னைத்தான் திட்டுவார்.

அது தானாகத் திறப்பது பேய் இல்லை. அந்தப் பக்கச் சுவர் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, நிலை சாய்ந்திருக்கும். ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தால் தெரியும். சாயங்காலம் பின்பக்கக் காற்று எழும்புகிறது, சாய்ந்த கதவு நகர்கிறது. இங்கே காகித ஆலையில் இராத்திரி பகலாக உருளைகள் அழுகின்றன, முனகுகின்றன, ஆளைக் கூப்பிடுகின்றன. எல்லாவற்றுக்கும் கிரீஸ் போட்டால் வாயை மூடிக்கொள்கின்றன. அவ்வளவுதான் சத்தம் என்பது.

அவரைப் பற்றி எழுதாதே. கதவைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் எழுது.

தம்பி


ஜூன் 27

தம்பிக்கு,

செய்துவிட்டேன். ஆப்பு, ஆணி, உப்புத்தாள், கிரீஸ், எல்லாம் நீ சொன்னபடி. கம்பிகள் நடுவில் தேய்ந்து இடுப்புச் சிறுத்துப் போயிருந்தன. இப்போது கதவு வெண்ணெயில் கத்தி போவதுபோல் நகர்கிறது. எனக்கே பெருமை தாங்கவில்லை, மாமாவைக் கூப்பிட்டு நாலைந்து தடவை திறந்து மூடிக் காட்டினேன்.

ஆனால் இதற்குப் பழைய கிறீச்சே மேல் என்று தோன்றுகிறது. கதவு இன்னும் தானாகத் திறக்கிறது, சத்தமில்லாமல். நான் கவனிக்கும்போது திறந்து கிடக்கும். அம்மா மட்டும் எப்படியோ உணர்ந்துகொள்கிறாள். தலையைத் திருப்பி, காலியான வாசலைப் பார்த்து, உதட்டில் விரலை வைத்து, "சத்தம் போடாத, அவர் தூங்குறார்" என்கிறாள். நேற்றும் சொன்னாள், முந்தாநாளும் சொன்னாள். அப்பா படுத்த கட்டில் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது. நான் இப்போது அதில் துணிகளை அடுக்கி வைத்திருக்கிறேன். அவள் சொன்ன பிறகு அங்கே போய்த் துணி எடுக்கக் கால் வரவில்லை.

இன்னொன்று, இதுதான் முக்கியம். அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை. பாதி சாப்பிட்டதும் மீதியை ஒரு தட்டால் மூடி எடுத்துக்கொண்டு போய் வைத்துவிடுகிறாள். கேட்டால், "வரட்டும்" என்கிறாள். ரவிக்கைகள் எல்லாம் தொளதொள என்றாகி, பக்கத்தில் பிடித்துத் தைத்துக் கொடுத்துவிட்டேன். டாக்டர், இந்த வயதில் எடை இப்படி இறங்கினால் படுத்துவிடுவார் என்று சொல்லிவிட்டார். முன்பு கதவு கத்தும், அவர் வந்துவிட்டார் என்று நினைத்து வயிறாரச் சாப்பிடுவாள். இப்போது அவர் வரவே இல்லை என்று காத்திருக்கிறாள். நாம் இருவரும் சேர்ந்து அப்பாவை வெளியே நிறுத்திவிட்டோம் என்று தோன்றுகிறது.

நீதான் சத்தத்தை எடுத்தாய். நீயே திருப்பிக் கொடு.

அக்கா


ஜூலை 5

அக்காவுக்கு,

இத்தனை வருஷ வேலையில் சத்தம் வர வைக்கச் சொல்லி யாரும் என்னிடம் கேட்டதில்லை. மேற்பார்வையாளரிடம் சொன்னேன், ஒரு நாள் லீவு எடுத்துக்கொள் என்றார்.

கம்பிகளைப் பிடுங்கி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, கிரீஸ் முழுவதும் போகும்வரை கழுவு. பிறகு சோப்புத் தண்ணீர். காயவைத்து அப்படியே போடு. கத்தவில்லை என்றால் உப்புத் தண்ணீர் தெளித்து வாசலில் வை, துரு ஏறட்டும். நல்ல கம்பியைக் கெடுக்க வழி சொல்கிறேன், கை கூசுகிறது.

அம்மா மூடி எடுத்துப்போகும் தட்டை எங்கே வைக்கிறாள்? அடுப்பு மேடையிலா, வேறு எங்காவதா? அடுத்த கடிதத்தில் எழுது. சும்மாதான் கேட்கிறேன்.

அவளுக்குப் பால் கொடுத்துப் பார்.

தம்பி


ஜூலை 19

தம்பிக்கு,

சத்தம் வந்துவிட்டது. ஆனால் அந்தச் சத்தம் இல்லை.

முதல் நாள் திறந்ததும் அம்மா, "யாரு? யாரு அது உள்ள வர்றது?" என்று அடுப்போடு ஒண்டிக்கொண்டாள். திருடன் வந்ததாக நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. நான்தான், உன் பெண்தான் என்று சொல்லி உட்கார வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. துரு ஏற்றினேன், அது வேறு மாதிரி அழுதது. ஒரு கீலுக்கு மட்டும் கிரீஸ் போட்டு மற்றதை விட்டுப் பார்த்தேன். எதற்கும் அவள் தட்டு எடுத்து வைக்கவில்லை.

உட்கார்ந்து யோசித்தபோது விளங்கியது. பழைய கதவு காற்றில் நகர்ந்தபோதும் அப்பா திறப்பதுபோலவே நகரும், வருஷக்கணக்காக அவர் திறந்து திறந்து அது அப்படிப் பழகியிருந்தது. அவருக்கு இரண்டு கையும் நிறைந்திருக்கும், ஒன்றில் சாப்பாட்டுப் பை, ஒன்றில் செருப்பு. தோளால்தான் இடிப்பார். சின்னதாகக் கிக் என்று ஒரு சத்தம். பாதி திறந்த கதவில் நின்று காலைத் துடைப்பார். அப்புறம்தான் நீளமாக அந்தக் கிறீச். நான் தோளால் இடித்துப் பார்த்தேன், என் உயரத்துக்கு வரவில்லை. மாமா இடித்தார், கதவு சுவரில் மோதிக் காரை பெயர்ந்ததுதான் மிச்சம்.

நான் தையற்காரி, எனக்கு ஆளை அளவாகத்தான் தெரியும். அவர் சட்டை அளவும் உன் சட்டை அளவும் ஒன்று. தோள், நீளம், வலது பக்கம் ஒரு விரல் இறக்கம் உள்பட. உன் கல்யாணச் சட்டையை அளவெடுக்காமல் அவர் சட்டையை வைத்துத்தான் வெட்டினேன், உன்னிடம் சொல்லவில்லை. அந்தக் கதவை அவர் மாதிரி திறக்க இந்த உலகத்தில் ஒரு ஆள்தான் இருக்கிறான். வந்து ஒரு தடவை திற. அம்மா வயிறு நிறையச் சாப்பிடட்டும். பிறகு போய்க்கொள், நான் தடுக்க மாட்டேன்.

தட்டை எங்கே வைக்கிறாள் என்று கேட்டாயே. மாவு டின்னுக்குப் பின்னால், கீழ்த்தட்டில், யாரும் குனிந்து பார்க்காத இடம். எறும்பு வந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. ஏன் கேட்டாய்?

அக்கா


ஜூலை 28

அக்காவுக்கு,

அவர் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிக் கொடுத்த மில் வேலையை நான் விட்டுவிட்டு வந்த அன்றைக்கு, அந்தப் பின்கதவில் நின்றுதான் சொன்னார். "இனி இந்த வாசல்ல நீ கால் வைக்கக் கூடாது." அம்மா அவருக்குப் பின்னால் கரண்டியோடு நின்றாள். நான் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். சொன்னவர் போய்விட்டார் என்று நீ சொல்லலாம். சொன்னது அங்கேயேதான் நிற்கிறது. தெருமுனை வரை வந்தவனுக்கு அது தெரிந்தது.

வர முடியாது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன்.

இங்கே என் அறைக் கதவு இரும்பு. புதியது, நானே கிரீஸ் போட்டது. உன் கடிதம் வந்ததிலிருந்து சாயங்காலமானால் அதில் ஒரு சின்னக் கிக் கேட்கிறது. பிறகு ஒன்றும் இல்லை, யாரோ நின்று காலைத் துடைப்பதுபோல் ஓர் இடைவெளி. நான் தலையைத் தூக்காமல் அடுத்த சத்தத்துக்காகக் காத்திருக்கிறேன். அது வருவதே இல்லை. எழுந்துபோய்க் கீலைத் தொட்டுப் பார்த்தேன், போட்ட கிரீஸ் அப்படியே பிசுக்கென்று இருந்தது.

வரும் சனிக்கிழமை சாயங்காலம் வருகிறேன். அந்தக் கம்பிகளையே எண்ணெய் இல்லாமல் துடைத்துப் போட்டு வை. என்னிடம் எதுவும் பேசாதே.

தம்பி


ஆகஸ்ட் 9

தம்பிக்கு,

விடியும் முன் கிளம்பிப் போய்விட்டாய். பேசாதே என்றாய், பேசவில்லை. ஆனால் எழுதக் கூடாது என்று நீ சொல்லவில்லை.

நீ தோளால் இடித்தாய். கிக். காலைத் துடைத்தாய், அந்த மிதியடியில் எனக்குக் கேட்டது. பிறகு நீளமாக. என் கையில் இருந்த கத்தரி கீழே விழுந்தது. நான் உன்னை எதிர்பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தேன், நீதான் வருகிறாய் என்று தெரியும். இருந்தும் இருட்டிய வாசலில் நின்றது நீயா என்று எனக்கே ஒரு கணம் தெரியவில்லை. அம்மா எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டு, "வந்துட்டீங்களா, கை கழுவிட்டு வாங்க" என்றாள். நீ மறுபேச்சில்லாமல் போய்க் கை கழுவினாய். அவர் உட்காரும் இடத்தில் அவர் மாதிரியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாய். என்னால் அதற்கு மேல் பார்க்க முடியவில்லை, முன்னறைக்குப் போய்விட்டேன். நீங்கள் என்ன பேசினீர்கள் என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கு அவள் தட்டு காலியாக இருந்தது, அது மட்டும் தெரியும்.

சரியாகிவிட்டது என்று நினைத்தேன். மறுநாளிலிருந்து மறுபடியும் பாதித் தட்டு. இந்த முறை கோபம் வந்து கொஞ்சம் குரலை உயர்த்திக் கேட்டுவிட்டேன். அதுதான் அன்றைக்கே அவர் வந்துவிட்டாரே, இன்னும் யாருக்கு எடுத்து வைக்கிறாய் என்று. அவள் என்னை ஒரு மடச்சியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "அவர் வந்துட்டார். பையன் இன்னும் வரலையே" என்றாள்.

மெஷின் முன்னால் உட்கார்ந்தேன், ஒரு தையல்கூட ஓடவில்லை. சத்தம் போடாதே, அவர் தூங்குகிறார் என்று அவள் சொன்னது என்னிடம் இல்லை, உன்னிடம். கதவு கத்தினால் அது அப்பா. கத்தாமல் திறந்தால் அது நீ. நாம் கிரீஸ் போட்ட நாளிலிருந்து அவளுக்கு நீ தினமும் வந்துகொண்டே இருந்திருக்கிறாய், ஆனால் உள்ளே ஆள் இல்லை. நான் என்னடாவென்றால் அப்பாவைத் திருப்பிக் கொண்டுவர உன்னை அனுப்பினேன். நீ வந்தாய், அவளுக்கு நீ வரவே இல்லை.

தட்டு எங்கே என்று கேட்டபோதே உனக்குத் தெரியும், இல்லையா?

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. பக்கத்திலேயே இருப்பவளை யாரும் கதவைப் பார்த்து எதிர்பார்ப்பதில்லை. எனக்கு ஒருநாளும் அவள் தட்டு மூடி வைத்ததில்லை. அதில் எனக்கு வருத்தம் இருக்கிறது. உன்மேல் பொறாமையும் இருக்கிறது, சொல்லிவிட்டேன்.

அக்கா


ஆகஸ்ட் 17

அக்காவுக்கு,

தெரியும். மாவு டின் என்று நீ எழுதியதும் சந்தேகமே இல்லாமல் தெரிந்துவிட்டது.

மீசை முளைத்த வயதில் நான் அப்பா தூங்கிய பிறகுதான் வீடு திரும்புவேன், உனக்கு ஞாபகம் இருக்கும். கைப்பிடியை மேல்பக்கமாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தள்ளினால் கீலில் எடை விழாது, கதவு வாய் திறக்காது. அந்த வித்தையை நானே கண்டுபிடித்ததாக அப்போது எனக்கு ஒரே கர்வம். உள்ளே அம்மா இருட்டில் உட்கார்ந்திருப்பாள். விரலை உதட்டில் வைத்து அதையேதான் சொல்வாள். கீழ்த்தட்டிலிருந்து சாப்பாட்டை எடுத்துக் கொடுத்து, நான் சாப்பிட்டு முடித்த பிறகுதான் தாழ்ப்பாள் போடுவாள்.

தெரிந்தும் அவராக வந்தேன். நீ கேட்டாய் என்பது ஒரு சாக்கு. நானாக வர எனக்குத் தைரியம் இல்லை, அவராக வந்தால் வாசல் என்னைத் தடுக்காது என்று நினைத்தேன். தடுக்கவில்லைதான். உள்ளே வந்ததும் என் கை காலெல்லாம் அவருடையதாகிவிட்டது. கை கழுவிவிட்டுத் தண்ணீரை உதறிய விதம்கூட அவருடையது. பயந்துவிட்டேன். நான்தான் அம்மா என்று சொல்ல வாயைத் திறந்தேன், அவள் என்னை நிமிர்ந்தே பார்க்கவில்லை. அவர் முன்னால் எப்போதும் தட்டைப் பார்த்துத்தானே பேசுவாள்.

நீ முன்னறைக்குப் போன பிறகு நடந்ததை எழுதுகிறேன். என் எதிரில் உட்கார்ந்து ஒவ்வொரு வாயாகச் சாப்பிட்டாள். முடிந்ததும் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, மிகவும் மெதுவாகக் கேட்டாள். "கோவப்படாதீங்க. அவன் வெளியிலயே நிக்கிறான். உள்ள விடுங்களேன்."

அக்கா, அதை அவள் அப்பாவிடம் எத்தனை முறை கேட்டிருப்பாள் என்று எனக்குத் தெரியாது. கேட்டாள் என்பதே எனக்குத் தெரியாது. கரண்டியோடு பின்னால் நின்றாள், ஒரு வார்த்தை சொல்லவில்லை என்றுதான் இத்தனை காலம் அவள்மேலும் கோபமாக இருந்தேன். அவள் தலை நிமிராமல் அவர் பதிலுக்காக உட்கார்ந்திருந்தாள். அங்கே பதில் சொல்ல வேறு ஆள் இல்லை.

"வரச் சொல்லு" என்றேன். என் குரல் இல்லை அது. எழுந்து போய்க் கட்டிலில் உன் துணிகளைத் தள்ளிவிட்டுப் படுத்துக்கொண்டேன். அவள் பின்கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நெடுநேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தேடியவன் உள்ளே படுத்திருந்தான். அதைத் தாங்க முடியாமல்தான் விடியும் முன் முன்வாசல் வழியாக ஓடிவிட்டேன்.

என் அறைக் கதவில் இப்போது கிக் கேட்பதில்லை. நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன், இல்லை. என்ன செய்வது என்று நீயே சொல். கீலைப் பற்றித் தவிர எனக்கு வேறு எதுவும் தெரியாது.

தம்பி


ஆகஸ்ட் 23

தம்பிக்கு,

யோசித்துச் சொல்கிறேன் பேர்வழி என்று உட்காரவில்லை, உன் கடிதத்தை மடித்து வைத்த கையோடு சுத்தியலை எடுத்தேன்.

மேல்கீல் முதலில், பிறகு நடு, பிறகு அடி. ஆப்பு வைத்துத்தான் செய்தேன். துருவை உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிட்டு, விரலால் வழித்து வழித்துக் கிரீஸ் போட்டிருக்கிறேன். தேய்ந்த கம்பிகள்தான், மாற்றவில்லை. இழுத்துப் பார்த்தேன், மூச்சு விடும் சத்தம்கூட இல்லை. இருந்தாலும் நீ கைப்பிடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே தள்ளு. அவள் கவனிப்பது எதை என்று நமக்கு என்ன தெரியும்.

முன்வாசலில் வராதே. பகலில் வராதே. விளக்கை நான் போட மாட்டேன். கட்டிலில் இருந்த துணிகளை எடுத்துவிட்டு நான் அங்கே படுத்துக்கொள்கிறேன், அவர் படுக்கும் பக்கமாகத் திரும்பி. தூங்குகிற ஆள் ஒருத்தர் வேண்டும் அல்லவா. கொஞ்சம் குறட்டை விடவும் முயற்சி செய்கிறேன், மாமாவிடம் கேட்டால் அது எனக்கு முயற்சி இல்லாமலே வரும் என்பார்.

அவள் சொல்வதைச் சொல்லட்டும். பதில் பேசாதே, நீ அப்போதும் பேசியதில்லை. உட்கார்ந்து சாப்பிடு. நீ சாப்பிட்டால் மறுநாள் அவள் முழுத்தட்டும் சாப்பிடுவாள் என்று என் மனது சொல்கிறது. முடிந்ததும் அவள் எழுந்து தாழ்ப்பாள் போடுகிறாளா என்று மட்டும் பார். அந்தச் சத்தத்துக்காக நான் சுவருக்கு இந்தப் பக்கம் விழித்துக்கொண்டிருப்பேன்.

சொல்ல மறந்துவிட்டேன். நேற்று கதவைச் சோதிக்க நான் பின்பக்கமாகப் போய் மெதுவாகத் திறந்து உள்ளே வந்தேன். அம்மா தலையைத் திருப்பினாள். முகம் அப்படி மலர்ந்தது, என்னைப் பார்த்ததும் அணைந்துபோயிற்று. "நீயா" என்றாள். எனக்கு அழுகை வந்தது. ஆனால் மத்தியானத்துக்குப் பிறகு அவள் என்னை அடையாளம் கண்டுகொண்டது இதுதான் முதல் தடவை.

இன்றைக்கும் பாதித் தட்டை மூடி மாவு டின்னுக்குப் பின்னால் வைத்துவிட்டாள். எறும்பு வராமல் சுற்றித் தண்ணீர் விட்டிருக்கிறேன். சீக்கிரம் வா, ஆறிப்போகிறது.

அக்கா